கோட்டையூரில் இறங்கிய ஆடு

கோபத்தால் இல்லை பெல்சி. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க நான் மட்டும் அடுப்படி நிலையில் சாய்ந்து கல் மாதிரி நிற்கிறேன், அப்பா மேல் அப்படி என்னம்மா கோபம் என்று கேட்டாய். எதிர்வீட்டு டோனி எடுத்து அனுப்பிய அந்த வீடியோவை நானும் பார்த்தேன், சத்தத்தைக் குறைத்துவைத்து, மூன்று முறை. நான் நிற்பது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் கோபம் இல்லை. நீ கேட்டபோது கரண்ட் போய்விட்டது என்று சொல்லிப் போனை வைத்தேன். கரண்ட் போகவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் பக்கத்தில்தான் இருக்கிறார். மெசேஜில் எழுதலாம் என்றால் போன் அவர் தலைமாட்டில் கிடக்கிறது, சத்தம் வந்தால் டோனியைக் கூப்பிட்டு என்ன போட்டிருக்கு வாசி என்கிறார். அதனால்தான் கடிதம். கடைசியாக உனக்குக் கடிதம் எழுதியது நீ திருச்சியில் நர்சிங் விடுதியில் இருந்தபோது. கை கோணுகிறது, பொறுத்துக்கொள்.

மேலே சேசு மரி சூசை என்று எழுத மறந்துவிட்டேன். இடம் விட்டிருக்கிறேன், முடிக்கும்போது எழுதிவிடுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் உனக்கு ஒரு குறையும் வராமல் மாதா பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்கிறேன். நாலு மணிக்கே இருட்டிவிடும் என்றாயே, அந்த நேரத்தில் தனியாக நடக்காதே. கால் வெடிப்புக்கு விளக்கெண்ணெய் போடு, அங்கே கிடைக்காவிட்டால் சொல், அனுப்புகிறேன். இங்கே நாலு நாள் மழை. முருங்கை மரம் சாய்ந்து பக்கத்து வீட்டு ரேணுகாவின் சுவர் மேல் படுத்திருக்கிறது, அவள் ஒன்றும் சொல்லவில்லை, தினமும் கீரை ஒடித்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை எப்போது வருகிறீர்கள் டீச்சர் என்று கேட்டுவிட்டார், கிறிஸ்துமஸ் வரைக்கும் விடுப்பை நீட்டி எழுதிக் கொடுத்தேன். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். இடது கை கொஞ்சம் சோம்பல். எழுத்துதான் இன்னும் பிடிபடவில்லை. பேப்பரை நீட்டினால் எறும்பு ஊருது என்று திருப்பித் தந்துவிடுகிறார். இருபத்தேழு வருஷம் அவர் கண்டக்டராகப் போன பஸ்ஸின் போர்டையே வாசிக்க முடியவில்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். உன் அப்பாவுக்கு ஜோக் சொல்ல வராது. ஊருக்கே தெரியும். காரைக்குடிக்கும் பள்ளத்தூருக்கும் நாளைக்கு எட்டு நடை, எட்டு நடையிலும் யாராவது ஒருவரைப் பிடித்துவைத்து ஆரம்பிப்பார், அவர்கள் இறங்கும் இடம் வந்துவிடும், ஜோக் வராது. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து போனவர்கள் உண்டு என்று டிரைவர் சொல்வார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவிடம் ஒன்று சொன்னார். வைத்தியரிடம் போன ஒரு ஆளைப் பற்றி. என் அப்பா அது ஜோக் என்றே தெரியாமல், பாவம், அந்த ஆளுக்குப் பிறகு சரியாப் போச்சா தம்பி என்று விசாரித்தார். அப்படித்தான் இந்தக் கல்யாணம் நடந்தது. உள்ளே நின்று நான் சிரித்தேன், மூச்சு அடைத்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

நீ போன பிறகு இங்கே ஓர் ஏற்பாடு வந்தது. வியாழக்கிழமை நம் தெருக் குடும்பங்கள் கூடிச் சொல்கிற அன்பியச் செபம், வீட்டுக்கு வீடு மாறி மாறி, ஆறரைக்கு ஆரம்பம். ஆட்கள் இஷ்டத்துக்கு வந்தார்கள். டோனி அன்பியத் தலைவர் ஆனதும் ஒரு அபராதம் போட்டான். ஆறரைக்குப் பிறகு வருகிறவர்கள் செபம் முடிந்ததும் உட்கார்ந்து வியாகுலம் மாமா சொல்கிற ஜோக் ஒன்றை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நேரத்துக்கு வந்தவர்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம். ஒரே மாதத்தில் தெரு திருந்திவிட்டது. ஆறேகாலுக்கே பாய் நிறையும். இது அபராதம் என்று தெரியுமா உங்களுக்கு என்று ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன். “தெரியும்டி. மாட்டிக்கிட்டவன் முழிக்கிறான் பாரு, அந்த மூஞ்சிதான் ஜோக்கு. நான் சொல்றது சும்மா” என்றார். மாட்டிக்கொண்டவர்களும் கடைசியில் சிரிப்பார்கள். ஒருவர் இப்போது, ஒருவர் வாசலைத் தாண்டிய பிறகு, ஒருவர் மறுநாள் ரேஷன் கடையில். அவரவர் நேரத்துக்கு.

அந்த ஆட்டு ஜோக்கை இங்கே எழுதிவைக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அவர் சொல்வது மாதிரியே எழுதுகிறேன், திருத்தவில்லை. “ஒரு ஆடு கோட்டையூர்ல எறங்கிருச்சு.” இங்கேயே சிரிப்பு வந்துவிடும், விக்கல் மாதிரி, மூன்று தரம். “இல்ல இல்ல, இரு, மொதல்ல ஏறணும்ல. காரைக்குடியில ஏறுச்சு. செவலை ஆடு, ஒரு கொம்பு ஒடஞ்சது. கொம்புக்கும் கதைக்கும் சம்பந்தம் இல்ல, சும்மா சொல்றேன். அதுகூட ஒரு ஆளு. ஆளு எறங்க மாட்டான். ஏ, அத இப்பச் சொல்லக் கூடாதுல்ல. கண்டக்டரு கேக்குறாரு, நான் இல்ல, வேற ஆளு, நல்ல மனுசன், சுகரு வந்து செத்துப்போனாரு, அவரு கேக்குறாரு, ஆட்டுக்கு எதுவரைக்கும்னு. அவன் சொல்றான்…” அவ்வளவுதான். இதற்கு மேல் போனதே இல்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போதும் போதும் என்று கையை ஆட்டுவார், யாரோ அவரைச் சிரிக்கவைத்த மாதிரி. முடிவை டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து. அந்த ஆள் ஆட்டுக்குக் கோட்டையூர் வரைக்கும், தனக்குப் பள்ளத்தூர் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறான். கோட்டையூர் வந்ததும் கண்டக்டர் ஆட்டை இறக்கிவிட்டு, யோவ், ஒன் ஆடு எறங்கிருச்சுய்யா என்று கத்துகிறார். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே, அது எடுத்த எடம் வந்திருச்சு, எறங்கிருச்சு, நான் எடுத்த எடம் இன்னும் வரலையேண்ணே என்கிறான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அன்று தோன்றியது. ஆனால் அப்பா சொல்லி நான் சிரிக்காமல் இருந்தது இல்லை. ஆட்டுக்காக இல்லை. அந்த விக்கலுக்காக.

ஜூலையில் குளியலறையில் விழுந்தது, மதுரையில் தலையைத் திறந்து ரத்தக் கட்டியை எடுத்தது, பத்தொன்பது நாள், எல்லாம் உனக்குத் தெரியும், நீயே வந்து பன்னிரண்டு நாள் கூட இருந்தாய். நீ விமானம் ஏறிய பிறகுதான் முழுதாகப் பேச ஆரம்பித்தார். ஆகஸ்ட் கடைசி வியாழன் டோனி வீட்டில் செபம். யாரோ தாமதமாக வர, யாரோ பழக்கத்தில், வியாகுலண்ணே ஒங்களுக்கு ஆளு சிக்கிருச்சு என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். “ஒருத்தன் கடியாரக் கடைக்கு ஒரு சொவர்க் கடியாரத்தத் தூக்கிட்டு வந்தான். அண்ணே, இது யாராச்சும் பாத்துக்கிட்டு இருந்தாத்தான் ஓடுது, பாக்காட்டி நின்னுருதுன்னான். கடைக்காரரு பாத்தாரு. நல்லாத்தானய்யா ஓடுதுன்னாரு. நீங்க பாக்குறீக, அதான் ஓடுது, அப்படியே பாத்துக்கிட்டு இருங்க, ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்னான்.” இங்கே நிறுத்தினார். பெல்சி, இந்த மனிதர் எந்த வாக்கியத்திலும் எங்கேயும் நின்றது கிடையாது. நின்றார். ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. எல்லோர் முகத்தையும் ஒரு தரம் பார்த்தார். “கடைக்காரரு இன்னும் பாத்துக்கிட்டு இருக்காரு” என்றார்.

வீடு இடிகிற மாதிரிச் சிரித்தார்கள். டோனி தரையில் உட்கார்ந்துவிட்டான். மாமா, தலைய ஒடச்சு உள்ள என்னத்தையோ வச்சு அனுப்பியிருக்காக மதுரையில என்றான். அப்பா சிரிக்கவில்லை. இதைத்தான் நீ வீடியோவில் கவனிக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறீர்கள், நான் சிரிக்கவில்லை என்று. அவரும் சிரிக்கவில்லை. பொறுமையாக, ஒவ்வொரு தலையாக, அந்தக் கண் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் எங்க கேட்டீக இந்தக் கதைய என்றேன். எந்தக் கதைய என்றார்.

செப்டம்பரில் தையல் பார்க்கப் போனபோது மதுரை டாக்டரிடம் சொன்னேன். மூளையின் முன்பக்கம் அடிபட்டால் சிலருக்குப் பேச்சு மாறும், சந்தோஷமாகத்தானே இருக்கிறார் அம்மா, நீங்களும் சந்தோஷமாக இருங்கள் என்றார். நீயும் அதையேதான் சொன்னாய். இருக்கலாம். படித்தவர்கள் சொல்கிறீர்கள். ஆனால் அடிபட்டால் ஒன்று போகும் என்பது எனக்குப் புரிகிறது. இல்லாத ஒன்று எப்படி வரும்? ஒவ்வொரு வியாழனும் புதிது புதிதாகச் சொன்னார். எதுவும் யாரும் கேட்டது இல்லை. எதிலும் ஒரு சொல் கூடுதல் இல்லை. யாருடைய கொம்பும் உடைந்திருக்கவில்லை.

இந்த மாதம், அக்டோபர், செபமாலை மாதம், தினமும் ஒரு வீடு. ஒன்பதாம் தேதி நம் வீடு. ஆறரைக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டேன். பாயில் செபம் நடத்தும் உபதேசியாரும் நானும் மட்டும். நாற்காலியில் அப்பா. மழையால் வரவில்லையோ என்று வாசலில் எட்டிப் பார்த்தேன். தெரு நிறைய நின்றுகொண்டிருந்தார்கள். குடையோடும் குடை இல்லாமலும் சுவரோரமாக, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல். உள்ள வாங்க, நனையுறீகளே என்றேன். டோனிதான் பதில் சொன்னான். இருக்கட்டும் அத்த, நாங்க லேட்டு என்றான். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறரை ஆகி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு மணியிலிருந்து நிற்கிறார்கள் என்று பிறகு ரேணுகா சொன்னாள். செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் உபதேசியாரும் நானும் சொல்லி முடித்தோம். அவர் குரல் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. கடைசி ஆமென் சொன்னதும் செருப்பைக் கழற்றும் சத்தம். வந்து உட்கார்ந்தார்கள், பரீட்சை ஹாலில் பிள்ளைகள் உட்காருவதுபோல. உபதேசியாரும் நகர்ந்து அவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. ஒரே நொடியில் எழும்பியது. ஒரே நொடியில் நின்றது. முன்னே ஒருவர் பின்னே ஒருவர் இல்லை. சிரிப்பு நின்றதும் அப்பா “இருபது” என்றார். பிறகு, “ரெண்டு டிக்கெட்டு கொறையுது.” கண்டக்டர் பேச்சு என்று அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள், அதையும் ஒன்றாகவே. மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் கீரை ஒடித்துக்கொண்டே ரேணுகா, நேத்து ஒங்க வீட்டுல ஒரே ஒரு ஆளு அம்புட்டுச் சத்தமாச் சிரிச்சாகளே, யாருக்கா அது என்று கேட்டாள். இருபது பேர் வந்திருந்தார்கள் என்றேன். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தாய். அப்பா உனக்கு ஒன்று சொன்னார், நீ தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாய். அப்போது அவர் கை போனுக்குக் கீழே இருந்தது. சுண்டுவிரலை மடக்கினார். நீ பார்த்திருக்க முடியாது. சாப்பிட்டுக் கை கழுவும்போது “இருபத்தொண்ணு” என்றார். யாருக்காகச் சொன்னார் என்று தெரியவில்லை, நான் மட்டும்தான் இருந்தேன். அவர் வண்டியில் சீட்டு இருபத்திரண்டு.

உனக்கு ஏழு வயது இருக்கும், ஒரு தரம் நாம் அந்த வண்டியில் வந்தோம். கோட்டையூரில் மாசமான பெண் ஒருத்தி வாந்தி எடுக்க இறங்கிப் போனாள். கால் மணி நேரம். டிரைவர் ஹாரன் அடித்தார், ஜனங்கள் திட்டினார்கள். அப்பா படியில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார், ஊதவில்லை. “ஏறுன தல அம்புட்டும் இருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் வண்டி நகராது. சரியாயிருச்சுன்னா நிக்காது” என்றார். அவள் வந்து ஏறினாள். எண்ணினார். ஊதினார்.

டோனி வீட்டில் அன்று ஏனோ சிரிப்பு வரவில்லை. இப்போது சிரிக்காதது இதனால்தான். எழுதிப் பார்க்கும்போது பைத்தியம் மாதிரித்தான் இருக்கிறது. நான் சிரித்தால் எண்ணிக்கை சரியாகிவிடும், சரியானால் அவர் போய்விடுவார். அவ்வளவுதான். இவர் அவர் இல்லை என்று ஒரு நாள் தோன்றுகிறது. அவர்தான், கிளம்பக் காத்திருக்கிறார் என்று மறுநாள் தோன்றுகிறது. இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை. ஞாயிறிலிருந்து அடுப்படிக்கே வருகிறார். நான் வெங்காயம் நறுக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, நிலையில் கையை ஊன்றி ஒன்று சொல்வார். சொல்லிவிட்டு நிற்பார். எல்லாமே சிரிப்புதான் பெல்சி, அதுதான் கொடுமை. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்வேன். என் அப்பாவை அடக்கம் பண்ணிய நாளை நினைத்துக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை வாய்வரை வந்துவிட்டது, தோசைக்கல்லில் விரலை வைத்தேன். அப்பளம் பொரித்தபோது சுட்டது என்று உன்னிடம் சொன்ன காயம் அதுதான். “ஏ சகாயம், ஒனக்குச் சிரிப்பே வரலையா?” என்று கேட்டார். கெஞ்சுகிற குரல். வேலைக்கு நேரமாகிவிட்டவன் கேட்கிற குரல்.

ஆட்டு ஜோக்கை மட்டும் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதையும் பிசகில்லாமல் சொல்லிவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும். அதைக் குழப்பித்தான் சொல்வார் என்றால் அதுவும் தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பது இப்போதைக்குப் போதும். ஆனால் இந்த ஒரு வாரமாக அவர் அதை எப்படிக் கெடுப்பார் என்பது எனக்கே மறந்துகொண்டு வருகிறது. விக்கல் மூன்று தரமா, நாலா? அதனால்தான் மேலே முழுதாக எழுதினேன். உன்னிடம் இருக்கட்டும். உனக்கு வேறு மாதிரி ஞாபகம் இருந்தால் நீயும் எழுது. நீ சோறு உண்ண மாட்டேன் என்று அடம்பிடித்தபோதெல்லாம் அதைத்தானே சொன்னார்.

வியாழன் இதுவரை எழுதி, மடித்து, பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்து, மேலே உன் பழைய டிபன் பாக்ஸை வைத்திருந்தேன். இன்று வெள்ளி. பகல் பதினொரு மணி இருக்கும், அடுப்படித் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அப்பா வந்தார். நிலையில் நிற்கவில்லை. சிரமப்பட்டு, சுவரைப் பிடித்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒரு ஈர்க்கை எடுத்து வலது கையால் உருவினார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் உருவினோம். பிறகு, “ஒரு ஆடு கோட்டையூர்ல எறங்கிருச்சு” என்றார். விக்கினார். மூன்று தரம். “இல்ல இல்ல, இரு, மொதல்ல ஏறணும்ல” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். வாய்ப்பாடு ஞாபகம் வரவில்லை. மடியில் இருந்த கீரை எல்லாம் கொட்டிப்போனது, முந்தானையை வாயில் வைக்கக்கூட நேரமில்லை, மூன்று மாதச் சிரிப்பு, கண்ணீர் வந்துவிட்டது. அவர் செவலை என்றார், கொம்பு என்றார், செத்துப்போன கண்டக்டர் என்றார், அவன் சொல்றான் என்று வந்ததும் முடியாமல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை ஆட்டினார். சிரித்தார் பெல்சி. விழுந்ததிலிருந்து முதல் தரம். ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்கிற நேரம் என் புருஷன் அந்தத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு முகம் அடங்கியது. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “இருபத்திரண்டு” என்றார். “சரியாயிருச்சு.” சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். “விசில எங்குட்டு வச்சே?”

தெரியலைங்க என்றேன். “நல்லாத் தேடு. வண்டி நிக்கிது” என்றார். கோபமாக இல்லை. எழுந்து போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். தூங்குகிறார்.

பாட்டுப் புத்தகத்தை எடுக்கப் போனேன். டிபன் பாக்ஸ் அதன் மேல் இல்லை, பக்கத்தில் இருந்தது. எழுத்து உள்ளே இருக்கும்படி மடித்திருந்தேன். எழுத்து வெளியே இருந்தது. நின்றுகொண்டே ஆட்டு ஜோக் எழுதிய இடத்தை வாசித்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அதை ஒரே மாதிரி இரண்டு தரம் சொன்னது இல்லை. ஆடு சில நாள் கறுப்பு. கண்டக்டர் சில நாள் மாரடைப்பில் செத்தார். இன்று சொன்னது நான் எழுதியதுதான், ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை, கொம்புக்கும் கதைக்கும் சம்பந்தம் இல்ல என்பது உட்பட. அவருக்கு வாசிக்க வராது. பஸ் போர்டே வராது. எதைச் சொன்னால் நான் சிரிப்பேன் என்பதை நானே என் கையால் எழுதி, மடித்து, மேசையில் வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. விக்கல் மாதிரி, மூன்று தரம் என்றுதான் எழுதியிருந்தேன். அதன் சத்தத்தை எழுதவில்லை. அதை எழுத முடியாது. அந்தச் சத்தம் அவருடையதுதான். எனக்குத் தெரியும், நான் அந்தச் சத்தத்துக்குத்தான் கட்டிக்கொண்டேன்.

இப்போது கட்டில் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு வரி எழுதி ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கிறேன், அதனால் வரி கோணலாகப் போகிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. லீவு கிடைத்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருக்காதே, வா. இந்தக் கடிதம் உன் கைக்கு வர இருபது நாள் ஆகும் என்று தெரியும், தெரிந்துதான் எழுதுகிறேன். இன்று மாலை போனில் லீவு போடு என்று மட்டும் சொல்வேன், ஏன் என்று கேட்காதே. விசில் எங்கே என்று அப்பா உன்னிடம் கேட்டால் உனக்குத் தெரியாது. சின்ன வயதில் எங்கேயிருந்து எடுத்து ஊதுவாய் என்பது உனக்கு மறந்துபோனது. வரும்போது ஸ்வெட்டர் ஒன்று அவருக்கு வாங்கிக்கொள், பெரிய பித்தானாக இருக்கட்டும், இடது கைக்கு அதுதான் தோது. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி டியூட்டி முடிந்து பஸ்ஸில் தூங்கிவிடாதே. காவல் சம்மனசு சிறகோடு உன் வலப்பக்கம் நடக்கட்டும், நீ தொட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து வீட்டுக்குப் போகட்டும், அவரவராகவே போகட்டும். அப்பா சார்பிலும் நெற்றியில் சிலுவை போடுகிறேன்.

உன் அம்மா,
வி. சகாயம்மாள்
பள்ளத்தூர், வெள்ளிக்கிழமை

ஒட்டுவதற்கு முன் இன்னும் இரண்டு வரி. மேலே விட்டிருந்த இடத்தில் சேசு மரி சூசை எழுதிவிட்டேன். கடிதத்தைச் சுவர் வழியாக ரேணுகாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன், நான் வெளியே போகவில்லை. விசிலை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். எங்கே என்று இதில் எழுத மாட்டேன். நாற்காலியை அவர் கட்டிலுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.